முகச் சுருக்க க்ரீம்கள்: வாங்கத்தான் வேண்டுமா?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஜகாத்தைப் பற்றிக் கேட்பார்கள், வாரிசுரிமையைப் பற்றிக் கேட்பார்கள். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் நேரில் கேட்பதில்லை. வீட்டுப் பெண்கள் வழியாகவோ, வாட்ஸ்அப் குரல் செய்தியாகவோதான் வந்து சேரும். "ஹஜ்ரத், முகத்தில் சுருக்கம் விழாமல் இருக்க க்ரீம் போடலாமா?" பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டிய சகோதரிகள். இப்போதெல்லாம் ஆண்களும் கேட்கிறார்கள். "வீட்டில் கேட்கச் சொன்னார்கள்" என்று தொடங்கினால் கேட்பவருக்கே தேவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

"போடலாமா" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மார்க்கத்தில் ஆகுமா என்பது ஒன்று. போட்டால் பலன் உண்டா, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்பது மற்றொன்று. ஆலிம்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் பலன் தராத பொருளுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது வீண்விரயம். வீண்விரயம் ஆகுமா என்பதும் மார்க்கக் கேள்விதான். எனவே இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

சுருக்கம் எங்கிருந்து வருகிறது?

தோலின் மேல்படலத்துக்குக் கீழே கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. கொலாஜன் தோலுக்குத் திண்மை தருகிறது; எலாஸ்டின் இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் தன்மையைத் தருகிறது. இளமைப் பருவம் முடிந்ததும் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இந்தக் குறைவு வேகமெடுக்கும். அல்லாஹ் மனிதனைப் பலவீனத்திலிருந்து பலத்துக்கும், பலத்திலிருந்து மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் கொண்டுசெல்வதாக அர்ரூம் அத்தியாயம் சொல்கிறது. தோலும் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. அதை நிறுத்தும் க்ரீம் எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் முகத்தில் நாம் பார்க்கும் சுருக்கம் முழுவதும் வயதால் வந்ததல்ல. உங்கள் மேல்கையின் உள்பக்கத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான், ஆனாலும் உள்கைத் தோல் இன்னும் வழவழப்பாக இருக்கும். வித்தியாசம் வெயில். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் ஒரு படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி தடித்து, ஆழமான மடிப்புகளோடு மற்றொருவரின் முகம்போல் இருக்கிறது. வலது பாதி அவ்வளவு மூப்படையவில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யு.வி.பி. வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆழமாக இறங்கி கொலாஜனைச் சிதைக்கும் யு.வி.ஏ. சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். நம் நாட்டில் ஓட்டுநருக்கு வலது பக்கம் ஜன்னல், எனவே இங்கே அது வலது கன்னமாக இருக்கும்.

புகைபிடிப்பதும் சுருக்கத்தை முன்கூட்டியே கொண்டுவரும். அதை விட்டால் எந்த க்ரீமும் தராத பலன் கிடைக்கும். அதைக் கேட்பதற்கு யாரும் குரல் செய்தி அனுப்புவதில்லை.

நம்மைப் போன்ற மாநிறத் தோலைப் பற்றி ஒரு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். தோலின் நிறமியான மெலனின் ஓரளவுக்கு இயற்கையான குடை. அதனால் வெள்ளையர்களைவிட நமக்குச் சுருக்கம் பல ஆண்டுகள் பிந்தியே வருகிறது. நமக்கு முதலில் வருவது கருந்திட்டுகளும் மங்கும், சீரற்ற நிறமும்தான். ஆனால் சுருக்க க்ரீம்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் செய்யப்பட்டவை. விளம்பரத்தில் "நிரூபிக்கப்பட்டது" என்று வரும்போது, யார் முகத்தில் என்ற கேள்வியும் மனதில் இருக்கட்டும்.

பூசியதும் தெரியும் மாற்றம்

கடையில் மாதிரிக்குக் கொடுக்கும் சீரத்தைப் பூசிப் பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்தால் முகம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். இது பொய்யல்ல. காய்ந்த திராட்சை தண்ணீரில் ஊறினால் உப்புவதுபோல, ஈரம் சேர்ந்த தோல் சற்றே உப்பி மெல்லிய கோடுகளை மறைக்கிறது. கழுவி, காய்ந்து, மறுநாள் காலை ஆகிவிட்டால் பழைய நிலைதான். இந்த வேலையை எந்த ஈரப்பத க்ரீமும் செய்யும். கிளிசரின் கலந்த மலிவான லோஷனும் செய்யும், வாசலினும் ஓரளவு செய்யும்.

இதற்கு நல்ல சான்று பிரிட்டனில் இருக்கிறது. பூட்ஸ் நிறுவனத்தின் நம்பர் செவன் என்ற சீரத்தைப் பற்றி 2007-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. மறுநாளே கடைகளில் மக்கள் குவிந்து சரக்கு தீர்ந்துபோனது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரை வைத்துச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் சீரம் பூசியவர்களில் 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சீரத்தின் மருந்துப் பொருள்கள் எதுவும் இல்லாத வெறும் க்ரீமைப் பூசியவர்களில் 22 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. அதாவது, ஒன்றுமில்லாத க்ரீமே ஐந்தில் ஒருவருக்குப் பலன் தந்ததுபோல் காட்டியது. சீரம் பூசியும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைச் சரக்குகளில் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்ட ஒன்றின் கதை இது. பெரும்பாலான டப்பாக்களுக்கு இந்த அளவு சோதனையும் கிடையாது.

விலைக்கும் பலனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் சோதித்துப் பார்த்தது. 12 வாரங்களுக்குப் பிறகு, முதலிடம் பெற்றவற்றிலும் சுருக்கத்தின் ஆழம் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது சரியாகப் புலப்படாது. 300 டாலருக்கு மேல் விலையுள்ள தொகுப்பு, சாதாரணக் கடையில் கிடைக்கும் ஓலே க்ரீமைவிட எந்த வகையிலும் உயர்வாக இல்லை.

விளம்பரங்களின் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் லாங்கோம், லோரியல் போன்ற நிறுவனங்களின் விளம்பரங்களில் நடிகைகளின் முகம் கணினியில் திருத்தப்பட்டிருந்ததைக் காரணமாக்கி 2011-இலும் 2012-இலும் தடை விதித்தது. தோலின் மரபணுக்களைத் தூண்டிவிடுவதாகச் சொன்ன லோரியல் நிறுவனம், அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2014-இல் உடன்பாட்டுக்கு வந்து அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைப்பவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசினார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே இல்லாத நிறையைக் காட்டி விற்கிறார்கள்.

உண்மையில் பலன் தருவது எது?

எல்லாவற்றிலும் வலுவான சான்று சன்ஸ்கிரீனுக்குத்தான் இருக்கிறது. அதன் டப்பாவில் பெரும்பாலும் "சுருக்கம் நீக்கும்" என்ற வார்த்தையே இருக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊர் இருக்கிறது, நம் ஊர்போலச் சுட்டெரிக்கும் வெயில். அங்கே 1992 முதல் 1996 வரை 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் தோல் நிலையை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினரை முகம், கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். நாலரை ஆண்டுகள் கழித்து, தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப். 15 மட்டுமே. இதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் சோதிக்கப்பட்டது. அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. "உள்ளிருந்து அழகு" என்று மாத்திரை விற்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை தர வேண்டியதில்லை. யு.வி.ஏ.வுக்கு எதிரான தடுப்பை பி.ஏ. என்ற எழுத்தும் அதன்பின் வரும் கூட்டல் குறிகளும் காட்டும், மூன்று குறியாவது இருக்கட்டும். பெரும்பாலானோர் செய்யும் தவறு அளவில். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பொட்டுப்போல் எடுத்துத் தடவினால் டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணில் பாதிப் பாதுகாப்புகூடக் கிடைக்காது. இந்த அளவில் பூசினால், தினமும் ஒரு தடவை என்று வைத்தாலும் 50 கிராம் குழாய் ஒன்றரை மாதத்தில் தீரும். அதனால்தான் பெயர்பெற்ற கம்பெனியின் விலையுயர்ந்த சன்ஸ்கிரீனைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மலிவானதைத் தாராளமாகப் பூசுவது நல்லது.

வெயிலைத் தவிர்க்க முடிந்தவருக்கு அதுவும் வேண்டாம். குடைக்கு எஸ்.பி.எஃப். எண் இல்லை, மாதச் செலவும் இல்லை. முக்காட்டை நெற்றிக்குச் சற்று முன்னால் இழுத்துவிட்டு, பத்து மணிமுதல் மூன்று மணிவரை வெளிவேலையைக் குறைத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதைச் செய்துவந்தார்கள். தினமும் பைக்கில் மூன்று நான்கு மணி நேரம் அலையும் ஆண்களுக்குத்தான் சன்ஸ்கிரீன் அவசியம் கூடுதல். அவர்கள் அதைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ வழிவந்த பொருள்கள் இவை. முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின் என்ற மருந்தைப் பயன்படுத்திய நடுவயதுப் பெண்கள், பரு போனதோடு கோடுகளும் மங்குவதாகச் சொன்னார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் அதை ஆராய்ந்து 1986-இல் எழுதினார். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. (இந்த கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மீது இருபது ஆண்டுகளுக்கு மேல் தோல் மருந்துகளைச் சோதித்தவர். அழகுப் பொருள்களின் வரலாற்றில் மற்றவர் தோல்மீது செய்யப்பட்ட அநீதிகளும் இருக்கின்றன.) தோலில் புதுக் கொலாஜன் உருவாக இது உதவுகிறது என்பது திசு எடுத்துப் பார்த்து உறுதியானது. ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் மெல்ல மங்கிவிடும். ஆழமாகப் பதிந்த மடிப்புகளை இது எடுக்காது, மெல்லிய கோடுகளைத்தான் குறைக்கும்.

ட்ரெட்டினாயின் மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து. கடையில் அழகுப் பொருளாக விற்கப்படும் ரெட்டினால் அதன் வீரியம் குறைந்த உறவு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் முக க்ரீம்களில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. இரண்டுமே முதல் சில வாரங்களில் எரிச்சலும் உரிதலும் தரும். மாநிறத் தோலில் எரிச்சல் வந்த இடம் கறுத்துப்போவது சாதாரணம். சுருக்கத்துக்கு வாங்கிக் கருந்திட்டோடு முடிவதும் உண்டு. எனவே வாரம் இரண்டு இரவுகள், பட்டாணி அளவு என்று தொடங்க வேண்டும். பகலில் சன்ஸ்கிரீன் போட முடியாது என்றால் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இந்த வகை முழுவதையும் தவிர்க்க வேண்டும். நம் சமுதாயத்தில் நாற்பதை ஒட்டியும் பிள்ளைப்பேறு நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். நியாசினமைடு 5 சதவீதம் உள்ள க்ரீம் சிறு பலன் தரும், எரிச்சலும் குறைவு. வைட்டமின் சி சீரம் காற்றிலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுப் பழுப்பாகிவிடும். நம் ஊர் அலமாரியில் அதன் ஆயுள் குறைவு. "கொலாஜன் க்ரீம்" என்பது பெயரிலேயே ஏமாற்று. கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அது மேலே படிந்து ஈரம் காக்கும், அவ்வளவே. குடிக்கும் கொலாஜன் பொடிகளைப் பற்றிய 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2025-இல் வந்தது. கம்பெனிப் பணம் வாங்காத சோதனைகளில் பலன் எதுவும் தென்படவில்லை என்கிறது அது.

பாக்குச்சியோல் என்ற பெயரை இப்போது நிறைய சீரம்களில் பார்க்கலாம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியிலிருந்து எடுக்கப்படுவதுதான் அது. 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஒரு சோதனையில் ரெட்டினாலுக்கு ஈடான பலனைக் குறைந்த எரிச்சலோடு தந்தது. சோதனை சிறியது, ஆனாலும் ஒதுக்கத்தக்கதல்ல. அதற்காகக் கார்போகரிசியை வாங்கி வீட்டில் அரைத்துப் பூசிவிடாதீர்கள். அந்த விதையில் சோரலன் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமாகப் புண்ணாகிவிடும்.

பெயரில்லாத டப்பா

இதுவரை சொன்னதில் தவறு நடந்தால் பணம் போகும், கொஞ்சம் எரிச்சல் வரும். இனிச் சொல்வதில் சிறுநீரகம் போகும்.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில், தெரிந்த ராத்தா நடத்தும் வாட்ஸ்அப் வியாபாரத்தில், பியூட்டி பார்லரில் சிறு டப்பாவில் பிரித்துக் கொடுக்கும் க்ரீமில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். காரணம் க்ரீமில் இருந்த பாதரசம். பெரும்பாலானோர் க்ரீமை நிறுத்தியதும் குணமடையத் தொடங்கினார்கள்.

அது சிவப்பழகு க்ரீம்தானே, சுருக்க க்ரீம் அல்லவே என்று கேட்கலாம். இரண்டும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன, பல நேரங்களில் ஒரே டப்பாவில். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதரச எச்சரிக்கையில் நிறம் வெளுக்கும் க்ரீம்களோடு முதுமைத் தடுப்பு க்ரீம்களையும் சேர்த்தே சொல்கிறது. பாதரசம் பூசுபவரோடு நிற்பதில்லை. துவாலையிலும் தலையணையிலும் ஒட்டும், ஆவியாகிக் காற்றில் கலக்கும். தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தையின் உடம்புக்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு. பாதரசம் தொடர்பான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இத்தகைய அழகுப் பொருள்களை முற்றாக ஒழிக்க 2025-ஐக் கெடுவாக வைத்ததன் காரணம் இதுதான்.

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல், தயாரிப்புத் தேதி இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம். பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் குப்பையிலும் சும்மா வீசாமல் பையில் கட்டி ஓரமாக வையுங்கள். "தங்கம், வெள்ளி நகைகள் மேல் படக்கூடாது" என்ற குறிப்பு ஒரு க்ரீமில் இருந்தால் அது பாதரசத்தின் அடையாளம், ஏனெனில் பாதரசம்தான் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே வாரத்தில் முகம் பளபளத்து மென்மையாகிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரியும். சுருக்கத்துக்குப் போட்ட க்ரீம் தோலை இன்னும் மெல்லியதாக்கிவிடும். இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மெடிக்கலில் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பதை நாமெல்லாம் அறிவோம்.

மார்க்கத்தின் பார்வையில்

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்பதுதான் பலருடைய அச்சம். பச்சை குத்துவது, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவது போன்றவற்றை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸை வைத்து இந்தக் கேள்வி எழுகிறது. அதே வேளையில், மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா வெண்ணிறத் தலையோடு அழைத்துவரப்பட்டார். அந்த நரையைக் கறுப்பு அல்லாத நிறத்தால் மாற்றச் சொன்னார்கள் என்ற ஹதீஸும் இருக்கிறது. முதுமையின் அடையாளத்தைக் கொஞ்சம் மென்மையாக்குவது தன்னளவில் குற்றமல்ல என்பதற்கு இது போதும். மேலே பூசி, விட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் க்ரீமை எண்ணெய், மருதாணி போன்ற பராமரிப்பாகவே நான் பார்க்கிறேன். போட்டோக்ஸ் ஊசியும் முகத்தை இழுத்துத் தைப்பதும் வேறு விஷயம். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பெண் பார்க்க வருபவர்களிடம் வயதை மறைப்பதும் ஆகாது. அது க்ரீமால் வரும் குற்றமல்ல, வாயால் வரும் குற்றம்.

உட்பொருளில் கவனம் வேண்டும். கொலாஜனும் ஜெலட்டினும் மாடு, பன்றி, மீன் எதிலிருந்தும் வரலாம். ஸ்குவாலேன் சுறா ஈரலிலிருந்தும் வரும், ஆலிவ், கரும்பிலிருந்தும் வரும். கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரக் கொழுப்பாகவோ விலங்குக் கொழுப்பாகவோ இருக்கலாம். ஒரு பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் அசுத்தம் நீங்கும் என்பதில் ஹனஃபி மத்ஹபில் விரிவு உண்டு. அசுத்தக் கொழுப்பு சோப்பாக மாறுவது அதற்கு அவர்கள் சொல்லும் உதாரணம். ஷாஃபி மத்ஹபில் அந்த வாசல் குறுகியது. காயல்பட்டினத்துக்காரரும் வேலூர்க்காரரும் ஒரே க்ரீமுக்கு வெவ்வேறு பதில் பெறலாம், அதில் குழப்பம் இல்லை. எளிய வழி, தாவர மூலம் என்று தெளிவாக எழுதியதையோ ஹலால் சான்று உள்ளதையோ வாங்குவது. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்ற பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை மெழுகுபோன்ற கொழுப்புப் பொருள்கள், போதை தருபவையல்ல.

உளூ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். உறிஞ்சப்பட்டு எண்ணெய்ப்பசை மட்டும் நிற்கும் க்ரீம் தண்ணீரைத் தடுக்காது. ஆனால் தண்ணீரில் கரையாத வகை சன்ஸ்கிரீன், வெள்ளைப் படலமாக நிற்கும் ஜிங்க் ஆக்சைடு, நிறம் கலந்தவை ஆகியவை தோலில் கனமான படலமாகத் தங்கினால் கழுவி நீக்கிவிட்டு உளூ செய்ய வேண்டும். இதில் சிரமம் குறைவுதான். வெளியில் இருக்கும்போது சன்ஸ்கிரீனை எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லுஹருக்குக் கழுவித் தொழுதுவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். நோன்பு இதனால் முறியாது. உம்ரா, ஹஜ் போகிறவர்கள் இஹ்ராமில் வாசனை சேர்த்த எதையும் பூசக்கூடாது. வாசனையற்றதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு, எண்ணெய்த்தன்மை பற்றி உங்கள் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதா, விடுவதா?

மாதம் 1,500 ரூபாய் க்ரீம் ஆண்டுக்கு 18,000 ரூபாய், பத்தாண்டுக்கு 1,80,000. வசதியுள்ள வீட்டுக்கு அது ஒன்றுமில்லை. கடனில் ஓடும் வீட்டில், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகு வைக்கும் வீட்டில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத 10 சதவீத மாற்றத்துக்கு அந்தப் பணம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த வீட்டுக்கும் முகம் உண்டு. அதற்கு ஒரு சாதாரண சன்ஸ்கிரீனும், இரவில் ஒரு மலிவான ஈரப்பத க்ரீமும், ஒரு குடையும் போதும். வெயிலில் போகாதவருக்குக் கடைசி இரண்டுமட்டும்.

நாற்பதைத் தாண்டி, சற்றுக் கூடுதலாகச் செய்ய விருப்பமும் வசதியும் பொறுமையும் இருந்தால், தோல் மருத்துவரை ஒருமுறை பார்த்து ட்ரெட்டினாயின் ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்க் குழாய் மாதக்கணக்கில் வரும். ஆயிரக்கணக்கில் விற்கும் சீரம்களைவிட அதற்கே சான்று அதிகம். முப்பது வயதுக்குள் இருக்கும் தங்கைகளுக்குச் சன்ஸ்கிரீனைத் தவிர ஒன்றும் தேவையில்லை. பத்து வயது, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வீடியோ பார்த்து ரெட்டினால் கேட்டால் வாங்கித் தராதீர்கள். அவர்களுக்குக் கிடைப்பது எரிச்சல் மட்டுமே.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேள்வி கேட்கும் சகோதரிகள் சிலரிடம் ஏன் என்று விசாரித்தால், வீட்டில் யாரோ சொன்ன ஒரு கிண்டல் காரணமாக இருக்கிறது. அந்தக் கிண்டலை நிறுத்துவது பல வீடுகளில் சீரத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

எதை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒரே பொருளைத் தொடங்குங்கள். முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ மூன்று நாள் பூசிப் பாருங்கள். தொடங்கும் நாளில் ஜன்னலருகே, ஒரே வெளிச்சத்தில், சிரிக்காமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. இரண்டையும் வீட்டில் வேறொருவரிடம் காட்டி எது பழையது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லையென்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம். ரெட்டினாலோ ட்ரெட்டினாயினோ என்றால் மட்டும் ஆறு மாதம்வரை பொறுத்துப் பாருங்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 6 அல்லது 12 என்று போட்டிருப்பார்கள். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதைப் பயன்படுத்தலாம். விலை கொடுத்தோமே என்று அதற்குமேல் வைத்துப் பூசாதீர்கள்.